குரங்கு கடித்த கரடி

குற்றால சீசனுக்கு நாத்தனார் வருகிறார் என்றாலே என் டெடி கரடிகளை ஒளித்துவிடுவேன். "அம்பது வயசுல பொம்மை தைச்சிட்டு இருக்கியே, வெக்கமா இல்ல?" என்பார்.

இந்த முறை, நான் தைத்த விரல் உயரக் குட்டிகளையும், தேடி வாங்கிய பழங்காலக் கரடியையும் துணிப்பையில் போட்டு, மேலே துண்டால் மூடினேன். மாற்றுத்துணி என்று நினைத்து அவர் அந்தப் பையையே அருவிக்குத் தூக்கி வந்துவிட்டார். நான் கவனிப்பதற்குள் ஒரு குரங்கு பைக்குள் கைவிட்டுப் பழைய கரடியோடு ஓடியது. குளிக்கத் தேய்த்திருந்த எண்ணெய் தலையில் வழியக் கத்திக்கொண்டே துரத்தினேன். அது ஒரு காதைக் கடித்துத் துப்பிவிட்டு, கரடியை எறிந்தது.

"ஏட்டி, எல்லாரும் சிரிக்குதாங்க!" என்றார் நாத்தனார்.

"சிரிக்கட்டும் மதினி. உங்களுக்குப் பயந்து ஒளிச்சு வச்சேன்லா, அதான் காது போச்சு."

இப்போது எங்கள் தென்காசி வீட்டு ஹாலில், வாசலைப் பார்த்த நாற்காலியில் ஒற்றைக் காதோடு அது உட்கார்ந்திருக்கிறது. சீசனுக்கு வருகிறவர்கள் வேறு நாற்காலி பார்த்துக்கொள்ளட்டும்.