சிவப்புக் கோடு போட்ட நான்கு பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை தன்யாவுக்குக் கிடைத்த வேலை, பேர் வாசிப்பது. பழைய மாணவர்கள் கூடினால் இப்போதெல்லாம் அப்படி ஒரு வழக்கம். அலமாரியில் கிடக்கும் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, படிக்கிற பிள்ளை ஒன்றை மேடையில் ஏற்றி, வரிசையாகப் பேர் வாசிக்கச் சொல்வார்கள். நரையும் தொந்தியுமாக இருப்பவர்கள் எழுந்து நின்று, “உள்ளேன் ஐயா” என்று கத்துவார்கள். சிரிப்பார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். தன்யா பதினொன்றாம் வகுப்பு. பிசிறில்லாமல் வாசிப்பாள் என்று தலைமையாசிரியைதான் அவள் பேரைச் சொல்லியிருந்தார்.

வாசலில் பேனர் கட்டியிருந்தது. 1995–96ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு, இந்தப் பள்ளிக்கு முதன்முதலாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி வாங்கித் தந்த வகுப்பு என்று போட்டிருந்தது. அப்போது தலைமையாசிரியராக இருந்த பொன்னுலிங்கம் சாரை மாலை போட்டு நடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லா ஏற்பாட்டையும் ஓடியாடிச் செய்தவர் முத்துநாயகம். அந்த வகுப்பில் படித்தவர், இப்போது நாகர்கோவிலில் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். அவர்தான் பதிவேட்டைத் தன்யாவிடம் கொடுத்தார்.

“ஒருதரம் பாத்து வச்சுக்க மோளே. மொத்தம் நாப்பத்தொண்ணு பேரு.”

தன்யா ஒரு வகுப்பறையில் போய் உட்கார்ந்து எண்ணினாள். நாற்பத்தைந்து இருந்தது. நான்கு பேர்களின் மீது, நவம்பர் மாதத்தில் ஒரே தேதியோடு நிறுத்தி, சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது. அதில் ஒன்பதாம் எண், த. பகவதியம்மாள்.

அது அவள் அம்மா பேர்.

அம்மா அந்தப் பள்ளியில் படித்தவள் என்பது அவளுக்குத் தெரியும். “எனக்குப் படிப்பு ஏறல, நிறுத்திப்போட்டேன்” என்றுதான் அம்மா எப்போதும் சொல்வாள். அதற்கு எதற்குச் சிவப்புக் கோடு? அதுவும் ஒரே நாளில் நான்கு பேருக்கு?

பதிவேட்டை எடுத்துக்கொண்டு முத்துநாயகத்திடம் போனாள். “மாமா, இந்தக் கோடு போட்ட நாலு பேரையும் வாசிக்கட்டா?”

“வேண்டாம், வேண்டாம். அவங்க பாதியில போனவங்க. நம்ம வகுப்பு இல்ல.” அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். “அவங்களையும் சேத்தா நூறு சதமானம் எப்படிக் காட்டது, சொல்லு?”

வேடிக்கை போலச் சொல்லிவிட்டுப் பந்தல்காரனைப் பார்க்கப் போய்விட்டார். தன்யா பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். நேரே சமையல் கூடத்துக்கு நடந்தாள்.

பகவதியம்மாள்தான் அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். அன்றைய விருந்துச் சமையலும் அவள் தலையில்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நிழல்தாங்கல் கோயிலுக்குப் போய் அய்யாவைக் கும்பிடுகிறவள், அன்றைக்கு அதையும் விட்டுவிட்டு விடியுமுன் வந்து அடுப்புப் பற்ற வைத்திருந்தாள். பிரதமன் பாயசம் உருளியில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் சட்டுவத்தால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, இது என்னது?”

பதிவேட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “எங்கேருந்துட்டி எடுத்த இத? கொண்டு வச்சுப்போட்டு வா.”

“நீ சொன்னாத்தான் போவேன்.”

அம்மா ஒரு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் இருபத்துமூன்று. அவளைப் போல இன்னும் மூன்று பேர். பொன்னுலிங்கம் சார் நான்கு பேருடைய அப்பாமாரையும் கூப்பிட்டுவிட்டார். இவர்கள் தோற்றால் பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேர், இப்போது டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள், அடுத்த வருஷம் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்றார். வயலில் நாற்று நடுகிற அப்பாவுக்கு என்ன தெரியும்? சார் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்தார்.

“அடுத்த வருசம் எழுதலியா?”

“அடுத்த வருசம் அண்டி ஆபீஸ்ல இருந்தேன் மக்ளே.”

முந்திரிக் கொட்டை உடைக்கிற ஆலையைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். பதினொரு வருஷம் கொட்டை உடைத்தாள். கொட்டைப் பால் பட்டு விரல் நுனி தோலெல்லாம் உரிந்து போயிற்று. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, இந்தச் சமையல் வேலை கிடைத்தது. துரத்திவிட்ட பள்ளிக்கூடத்துக்கே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தாள். பதினான்கு வருஷமாக வருகிறாள். இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள் என்றால் எத்தனை படி அரிசி, எத்தனை கைப்பிடி உப்பு என்று மனக்கணக்காகச் சொல்வாள். ஒருநாளும் மிஞ்சியதில்லை, ஒருநாளும் குறைந்ததில்லை. கணக்கு வராது என்று தள்ளிய பிள்ளை அது!

“நான் இந்தக் காலாண்டுல கணக்குல பத்தொம்போது” என்றாள் தன்யா. “எனக்கப் பேர யாரும் வெட்டலியே?”

“மெதுவா பேசுட்டி. நான் இங்க வேல பாக்கணும். எனக்கப் பேர வாசிக்காண்டாம், கேட்டியா?”

அந்த நேரம் முத்துநாயகம் வாசலில் தலையை நீட்டினார். “அக்கா, பப்படம் பொரிச்சாச்சா?” ஒரே வகுப்பில் படித்தவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். அம்மா, “ஆச்சு சார்” என்றாள். தன்யாவால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மேடையில் பேர் வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கூச்சல். “ஏலே, அன்னைக்கும் உள்ளேன்னு சொல்லிப்போட்டு செவரு சாடினவன் தானலே நீ!” என்று ஒருவர் கத்த, “நீ எனக்க பின்னால தான சாடின?” என்று மற்றவர் கத்தினார். எட்டாம் பேர் ஓமனா. குவைத்தில் நர்ஸ். எழுந்து கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

“ஒன்பது. த. பகவதியம்மாள்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. முத்துநாயகம் கையை அசைத்து, அடுத்தது அடுத்தது என்றார். ஓமனாதான் திரும்பிப் பார்த்தாள். “எந்தப் பகவதி? எனக்கப் பக்கத்துல இருப்பாளே, அவளா? அவ எங்க?”

“பின்னால அடுப்பாங்கரையில நிக்கா” என்றாள் தன்யா. “காலையில நீங்க எல்லாரும் சாயா வாங்கிக் குடிச்சீங்களே, அவ கையாலதான். அவ எனக்க அம்மா.”

பொன்னுலிங்கம் சார் மாலையைச் சரிசெய்தார். “பிள்ளே, அது விலகிப் போனவங்க பேரு. விட்டுட்டு வாசி.”

“விலகிப் போகல்ல சார். நீங்கதான் வெலக்கினீங்க. நாலு பேரையும் ஒரே நாள்ல.”

மைக் நின்றுபோனது. முத்துநாயகம் ஒயரைப் பிடுங்கியிருந்தார். தன்யா மைக் இல்லாமலே மற்ற மூன்று பேரையும் வாசித்தாள். பதினேழு, கிளீட்டஸ். இருபத்தெட்டு, குலசேகரன். முப்பத்துநான்கு, தாணம்மாள். நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்த அந்தப் பந்தலில், இந்த மூன்று பேரும் எங்கே இருக்கிறார்கள், உயிரோடுதான் இருக்கிறார்களா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நூறு என்று எழுதத் தெரிந்தது. கூடப் படித்தவன் எங்கே என்று ஒரு நாள் கேட்கத் தெரியவில்லை.

“பள்ளிக்கூடத்துக்க நன்மைக்குத்தான் செஞ்சேன்” என்றார் பொன்னுலிங்கம் சார், யாரையும் பார்க்காமல்.

சத்தம் கேட்டுப் பகவதியம்மாள் கையைத் துடைத்தபடி பந்தல் ஓரத்துக்கு வந்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவில் அவள் இதுவரை பேசியதே இல்லை.

“சார், காலாண்டுலதான் இருபத்திமூணு” என்றாள். “பெரிய பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம் கெடந்துது சார்.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஓமனா பட்டுப்புடவையோடு பின்னாலேயே ஓடினாள். வெளியே எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டபோது ஓமனா சமையல் கூடத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “நீயா போகல்லன்னு எனக்கும் தெரியும்டி. தெரிஞ்சும் ஒருத்தருகிட்டயும் கேக்கல்ல” என்றாள். போகும்போது தன்யாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள். மற்ற மூன்று பேரையும் இரண்டு பேருமாகத் தேடுவது என்று பேச்சு.

திங்கள்கிழமை காலையில் தலைமையாசிரியை பகவதியம்மாளைக் கூப்பிட்டார். விருந்தாளிகளை உன் மகள் அவமானப்படுத்திவிட்டாள், அவள் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் உன் வேலைக்கும் நல்லதில்லை என்றார். தன்யா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ‘எழுதிக் குடுத்துரு மக்ளே’ என்று அம்மா சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். சொன்னால் எழுதவும் தயாராக இருந்தாள்.

“எழுதமாட்டா டீச்சர்” என்றாள் பகவதியம்மாள்.

“என்ன சொன்ன?”

“பதிவேட்டுல உள்ள பேரத்தான வாசிச்சா. அதுக்கு எதுக்கு மன்னிப்பு? எனக்க அப்பா ஒரு தடவ கைநாட்டு வச்சாரு டீச்சர். அது போதும்.” நேரம் ஆகிறது, அரிசி களைய வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.