கோயில் மண்ணும் என் முழங்காற் சில்லும்

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மயிலிட்டியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. எனக்கு நாற்பத்தேழு வயது. என் கணவர் வள்ளத்தில் தொழிலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனைக் கரையில் நின்று விலை கூறி ஏலத்தில் விற்பதும், மிஞ்சியதைக் கருவாடு போடுவதும் என் வேலை. நான் விலை கூறத் தொடங்கினால் துறைமுகத்தின் அடுத்த முனையில் நிற்கிறவருக்கும் கேட்கும் என்று பகிடி பண்ணுவார்கள். அதை நான் மறுக்கப்போவதில்லை.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு கரைக் கல்லில் விழுந்து என் வலது முழங்காற் சில்லு உடைந்துபோனது. மூலிகைப் பத்துப் போட்டுக் கட்டினோம். எலும்பு பொருந்தியது, ஆனால் கோணலாகப் பொருந்திவிட்டது. நடக்கும்போதெல்லாம் உள்ளே கறுக் கறுக்கென்று உரசும். மணலில் பத்து அடி வைத்தால் கண் கலங்கும். கரைக்குப் போகாமல் வீட்டில் குந்தியிருக்க என்னால் முடியுமா? பட்டணத்து ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மருமகள் என்றால் மூத்த மகனின் மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இப்போது முழங்காலையே புதிதாக மாற்றிவிடுகிறார்கள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் அப்படியொரு கதையே இல்லை. உடைந்த சில்லை எடுத்துவிட்டுத் தசைநாரைச் சேர்த்துத் தைப்பதுதான் வழி. செய்யாமல் விட்டால் இன்னும் ஒரு வருடத்தில் கால் மடங்காமல் கட்டை போலாகிவிடும் என்றார் டொக்டர். செய்யலாம், ஆனால் உடனே இல்லை, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆயத்தம் செய்துகொண்டு வா என்றார். சில்லு போனபிறகு காலைத் தூக்கி நிமிர்த்த வேண்டியது தொடைத் தசைதான். அதற்கு இப்போதே பலம் ஏற்றவேண்டும். பிறகு பிளாஸ்டர் கட்டோடு ஆறு கிழமை கால் நீட்டியபடிதான் இருக்கும், குந்த முடியாது. வீட்டை அதற்கேற்ப ஒழுங்குபண்ண வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: வரும்போது முழங்காலைச் சுற்றி ஒரு கீறல், ஒரு கொப்புளம்கூட இருக்கக்கூடாது; புண்ணுள்ள தோலில் கத்தி வைத்தால் கிருமி எலும்புக்குள் இறங்கிவிடும்.

ஆயத்தம் என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? அடுத்த நாளே தொடங்கிவிட்டேன். டொக்டர் மணல் மூட்டை கட்டச் சொன்னார். நான் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை ஒரு துணியில் முடிந்து கணுக்காலில் கட்டினேன். கதிரையில் இருந்துகொண்டு காலை நேராகத் தூக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். காலையில் ஐம்பது, பின்னேரம் ஐம்பது. எண்ணுவது மருமகள். நான் முப்பத்தெட்டில் நாற்பது என்று தாவினால், "மாமி, ரெண்டு குறையுது" என்பாள். மெல்லிய குரல், ஆனால் விடமாட்டாள். முதல் கிழமை அவளைக் கடித்துத் தின்னலாம் போலிருந்தது. மூன்றாம் கிழமை இன்னும் இரண்டு குண்டு சேர்த்துக் கட்டச் சொன்னதும் நான்தான்.

வள்ளம் கட்டும் ஓடாவியார் கக்கத்தில் வைத்து நடக்க இரண்டு ஊன்றுகோல் செய்துதந்தார். எங்கள் முற்றம் முழுக்க மணல், கோல் புதைந்துவிடும். அதற்கு அவர் அடியில் உள்ளங்கை அகலத்தில் பலகை வைத்து அடித்தார். வலி இல்லாத நாளிலேயே நடந்து பழகிவிட வேண்டும் என்று முற்றத்தை மூன்று சுற்று வருவேன். பிறகு நடுவில் ஓட்டை வைத்த கதிரை ஒன்று, கக்கூசுக்கு. அது வந்த அன்று என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ராணி எப்ப முடி சூடப்போறா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கட்டில் காலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினோம். கக்கூசுக்குப் போகிற வழியை இறுக்கிச் சமப்படுத்தினோம். கிணற்றடியில் இருந்து குளிக்க ஒரு வாங்குப் பலகை போட்டோம். அந்தக் கிணற்றடியை மருமகள் விடிய எழும்பித் தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டு ஒவ்வொரு நாளும் உரஞ்சுவாள். நான் வழுக்கிவிடுவேனாம். மிளகாய்த் தூள் இடித்து, அரிசிமா வறுத்து, போத்தல் போத்தலாக நிரப்பினேன். மீன் முள் குத்திவிடும் என்று கடைசி மூன்று கிழமை கருவாட்டுப் பந்தல் பக்கமே போகவில்லை. அவ்வளவு கவனம்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. கால் சுகமானால் அம்மன் கோயில் வெளிவீதியில் அடி அழிப்பதாக நான் ஏற்கெனவே நேர்த்தி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்களின் நேர்த்தி அது. மூன்று அடி நடந்து, முழங்காலில் விழுந்து, நெற்றி நிலத்தில் பட வணங்கி, எழும்பி, திரும்ப மூன்று அடி. இப்படியே கோயிலைச் சுற்றி வரவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று நாள் இருக்கையில் கரையில் ஒருத்தி, "சில்லை எடுத்தாப் பிறகு முழங்காலிலை விழ ஏலாதாம், உன்ரை நேர்த்தியை என்னெண்டு முடிப்பாய்?" என்று கேட்டுவிட்டாள். அம்மனுக்குச் சொன்ன வாக்கு! கரையில் ஒரு விலை கூறினால் மாற்றாதவள் என்று பெயரெடுத்தவள் நான். சரி, முதலிலேயே முடித்துவிடுவோம் என்று தீர்மானித்தேன்.

மருமகள் கெஞ்சினாள். "மாமி, டொக்டர் கீறல்கூடக் கூடாதெண்டவர் எல்லே?" என்றாள். கோயில் மண் புண்ணாக்குமா என்று நான் சீறினேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். முள், கல், தகரம் எல்லாம் கீறும் என்று தெரியும். அம்மன் வீதி மணலும் மணல்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். அவள் என் பின்னால் தண்ணீர்ச் செம்போடு அழுதபடி வந்தாள். வீதியைச் சுற்றி முடித்து எழும்பியபோது சேலை முழங்காலோடு ஒட்டியிருந்தது. பெரிய வேலை முடிந்தது என்ற திருப்தியில் எனக்கு வலியே தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் சேலையை விலக்கச் சொன்னார். மஞ்சள் பூசிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைத் துடைத்தார். சில்லுக்கு நேரே ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவில் தோல் உரிந்து, சுற்றிச் சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டு தாதிமார், பக்கத்துக் கட்டில் பெண்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்குவமாக நடப்பேன் என்று ஆறு கிழமைக்கு முன் மார்தட்டியவள் நான். அடி அழித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டன், ஐயா" என்றேன்.

டொக்டருக்கு வந்த கோபம் என் மேல் விழவில்லை. அவர் மருமகளிடம் திரும்பினார். "இவ்வளவு சொல்லி விட்டனான். கிணத்தடியைப் பாசி பிடிக்க விட்டிட்டு நீர் வீட்டிலை என்ன செய்தனீர், பிள்ளை?" என்று சத்தம் போட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் ஐயா, நான்தான் கவனிக்கேல்லை" என்றாள். கரையையே அதிரவைக்கும் என் வாய் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

என் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டொக்டருக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்திருந்தது. இன்னும் மூன்று கிழமைதான் இங்கே நிற்பார். அதற்குள் புண் முழுதாக ஆறினால் கடைசிக் கிழமையில் செய்துவிடுவதாகச் சொன்னார். ஆறாவிட்டால் அடுத்தவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆள் எப்போது வருவார் என்று டொக்டருக்கே தெரியாது.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "மாமி, தாகமோ?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி மனதை ஆற்றியிருப்பேன்.

வீட்டில் அவள் காலையும் மாலையும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவினாள். கட்டிலில் கிடத்திக் காலைத் தூக்கவைத்து எண்ணினாள். நான் திரும்பிவந்த காரணம் கேட்க ஊர் திரண்டு வந்தது. என் பொய் எனக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டிருந்தது. அன்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். "வந்து ஒரு வருசம்கூட ஆகேல்லை, மாமியை விழுத்திப்போட்டாள்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கதைப்பதை என் காதாலேயே கேட்டேன். அவள் அப்போது கிணற்றடியில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். தும்பால் உரஞ்சும் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு திரும்பவும் தொடங்கியது.

அன்றே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரோசம் என்பது பொல்லாத சாமான். நாளைக்கு, நாளைக்கு என்று பன்னிரண்டு நாள் கடத்தினேன். புண் ஆறியது. காய்ந்த பொருக்கு விழுந்து, கீழே புதுத் தோல் வந்தது. திரும்பவும் பஸ் ஏறினோம்.

டொக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நன்றாக ஆறிவிட்டது, நாளைக்கே செய்யலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் சிரித்துக்கொண்டு மருமகளிடம், "இப்ப கிணத்தடியை ஒழுங்காய் வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார். அவள் திரும்பவும், "ஓம் ஐயா" என்றாள். அதே குரல், அதே குனிந்த தலை.

எனக்குத் தாங்கவில்லை. எனக்கே தெரியாமல் கரையில் கூறும் சத்தம் வந்துவிட்டது. "ஐயா, அந்தக் கிணத்தடியிலை சோறு போட்டுத் தின்னலாம். நான் விழேல்லை. அடி அழிச்சனான். வேண்டாம் வேண்டாமெண்டு இவள் அழுதுகொண்டு பின்னாலை வந்தவள். பொய் சொன்னது நான், ஏச்சு வாங்கினது இவள்!" என்றேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவள் ஏச்சு வாங்கியதும் இவர்கள் முன்னால்தானே.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். நெற்றியில் திருநீற்றோடு வருகிற மனிதர் அவர். "அம்மனுக்கு ஒரு அவசரமும் இல்லை, அம்மா. இடமாற்றம் வந்தது எனக்குத்தான்" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "பிள்ளை, நான் விசாரிக்காமல் ஏசிப்போட்டன், மனதிலை வைச்சிராதையும்" என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நாடா எடுத்து என் தொடையை அளந்து, முதல்முறை வந்தபோது எழுதியதோடு ஒப்பிட்டார். தசை நன்றாக ஏறியிருப்பதாகச் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் குனிந்து என் காதில், "மாமி, காலமை இருபதுதான் எண்ணினது, முப்பது பாக்கி" என்றாள். கட்டிலில் கிடந்தபடியே முப்பதையும் தூக்கினேன்.

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. ஓடாவியாரின் கோலும் கதிரையும் குறைவில்லாமல் உதவின. பிளாஸ்டர் வெட்டியபோது, இவ்வளவு கெதியாகக் கால் நிமிர்த்துகிற ஆளை நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள் தாதிமார். நாலாம் மாதம் நான் கரையில் நின்று மீன் கூறினேன். முதல் நாள் மீன் கூறும்முன், அடி அழித்த கதையையும் கிணற்றடிக் கதையையும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் கதைத்தவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

பிளாஸ்டரோடு இருந்த நாட்களில் ஒருநாள், காலை நீட்டிக்கொண்டு வாங்கில் இருந்த என் முதுகுக்கு அவள் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பிள்ளை அன்றைக்கு ஓமென்று சொன்னாய் என்று கேட்டேன். "நான் வேறை என்னத்தைச் சொல்லுறது? அத்தினை பேருக்கு முன்னாலை உங்களைப் பொய்க்காரி ஆக்கவோ?" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வாளியை இழுக்கப் போய்விட்டாள். நல்லகாலம், முகத்தில் தண்ணீர் இருந்தபடியால் நான் அழுதது அவளுக்குத் தெரியவில்லை.

முழங்கால் மாற்றப் போகிற பலர் இப்போது என்னிடம் வந்து என்ன ஆயத்தம் செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். தொடைக்குப் பலம் ஏற்றுங்கள், கட்டிலை உயர்த்துங்கள், தோலைக் காப்பாற்றுங்கள், பிழை விட்டால் டொக்டரிடம் மறைக்காதீர்கள் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் யாராவது பேச்சுவாக்கில் என் மருமகளைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னால், சில்லில்லாத இந்தக் காலை ஊன்றி எழும்பி நின்று பதில் சொல்கிறேன். உயிர் இருக்கும்வரை சொல்லுவேன்.