கம்பியில் கட்டிய அட்டை

சனிக்கிழமை காலை முகம் வழித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நசீர் நானாவின் மகள். "சிவம் மாமா, வாப்பா மௌத்தாகிட்டார். நெஞ்சு நோகுதெண்டு பட்டறையில கதிரையில இருந்தவர், எழும்பல்ல. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." ஓம், வாறன் என்றேன். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு லிங்கநகர் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன். அன்றிலிருந்து ஒரு கதிரையில் ஒழுங்காக இருக்க ஏலாமல் இருக்கிறது. இதை எழுதும்போதும் மூன்று தடவை எழும்பிவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைக் கிண்ணியாவில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவராகத் தெரியும். எனக்கு அவர் பக்கத்துக் கதிரைக்காரர். குடியை விட முயல்கிற நாங்கள் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நகரத்தில் கூடும் அறையில், பதினொரு வருடம் குடிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் அங்கே போன முதல் நாள் எழுந்து நின்று, "நான் ஒரு உதவாக்கரை. மனிசன் எண்டு சொல்லவே தகுதியில்லாதவன்" என்று தொடங்கினேன். அழுகையும் வந்தது. எல்லோரும் தலைகுனிந்திருக்க நானா மட்டும் கொட்டாவி விட்டார். "செய்ததைச் சொல்லுங்க சிவம். நீங்க ஆரெண்டு ஒருத்தரும் கேக்கல்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்பவனோடு கதைக்கிற கதையா இது என்று கேட்டேன்.

"உதவாக்கரை எண்டு சொன்னா வேலை முடிஞ்சுது. உதவாக்கரை நாளைக்கும் குடிப்பான்தானே, ஆரு கேக்கிறது? உங்களுக்கு நீங்களே பெர்மிட் எழுதிக் குடுக்கிறீங்க," என்றார். இரண்டு கிழமை அவரோடு நான் பேசவில்லை.

அவருடைய பட்டறையில் ஒவ்வொரு இயந்திரத்திலும் மெல்லிய கம்பியால் ஓர் அட்டை கட்டியிருக்கும். கொண்டுவருகிறவர்கள், "இது சரிவராது நானா, கடல்லதான் போடோணும்" என்பார்கள். அவரோ, 'காலையில் ஸ்டார்ட் இல்லை. பத்து நிமிடத்தில் சூடாகிறது' என்று மட்டும் எழுதுவார். "சரிவராது எண்டு எழுதினா எங்க கைவைக்கிற?" என்பார். நான் அங்கே போயிருந்த ஒருநாள் அதே மாதிரி வெற்று அட்டையொன்றை என் முன்னால் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அரை மணித்தியாலம் கழித்து எழுதினேன். 'மகளின் கல்யாணத்தன்று காலையிலேயே குடித்தேன். மண்டபத்துப் பின்னறையில் நித்திரையாகிவிட்டேன். மச்சான்தான் தாரை வார்த்தார்.' நான் கெட்ட அப்பா என்று நான்கு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அது ஒருநாளும் கஷ்டமாக இருக்கவில்லை. இந்த மூன்று வரியை எழுதப் பல தடவை பேனையைக் கீழே வைத்து எடுத்தேன். திரியாய்க்குப் போய் அதை மகளுக்கு வாசித்தேன். "ஓம் அப்பா. நான் வாசலைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்," என்றாள். பிறகு சாப்பிடச் சொன்னாள். இதை நானாவிடம் வந்து சொன்னபோது, "என்ன கறி?" என்று கேட்டார்.

அடக்கத்தில் சிவத்தைக் காணவில்லையே என்று சிலர் கேட்டீர்கள். சொல்கிறேன். கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில், சீனன்குடாவில் இறங்கினேன். சாராயக் கடை வாசலில் நின்றேன். அவரே போய்விட்டார், நீ எந்த மூலைக்கு, நீ இவ்வளவுதான் என்று மனம் பழைய பல்லவியைத் தொடங்கியது. அந்த நேரம் அவர் குரல் காதில் கேட்டது என்று எழுத ஆசைதான். ஒன்றும் கேட்கவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், 'இறங்கினேன். நிற்கிறேன். இன்னும் உள்ளே போகவில்லை' என்று எழுதினேன். அதைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருப்பேன். அடுத்து வந்த பஸ்ஸை விட்டேன். அதற்கடுத்ததில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கபுறடியிலிருந்து ஆட்கள் கையில் மண்ணோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. நானாவின் மகளிடம் எங்கே இறங்கினேன் என்பதையும் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "வந்திட்டீங்கதானே மாமா. இருங்க, தேத்தண்ணி குடிங்க," என்றாள்.

அவர் பட்டறையிலிருந்து ஒரு வெற்று அட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன், கம்பியோடு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். 'நானாவின் அடக்கத்துக்குப் பிந்திவிட்டேன். குடிக்கவில்லை' என்று அதில் எழுதி அலுமாரிக் கைப்பிடியில் கட்டியிருக்கிறேன். கீழே இன்னும் இடமிருக்கிறது. நான் எப்படிப்பட்டவன் என்று ஒரு சொல் சேர்க்கக் கை பரபரக்கிறது. சேர்க்கவில்லை.