பவுல்துரை சொன்ன ஐந்து நாள்

காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவில் தறிச் சத்தத்தையும் மீறி ஒரு பெருமூச்சு கேட்டால், பவுல்துரை செருப்பு மாட்டுகிறார் என்று அர்த்தம். ஆரணியில் கால்நடை மருந்தகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவர். கிராமங்களில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லைங்க என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தாராம், அப்புறம் அதுவும் அலுத்துப்போய் விட்டுவிட்டார். நான் அவருக்குப் பக்கத்து வீடு. பட்டு நெய்கிறவன். பெயர் சக்கரவர்த்தி, ராஜ்யம் என்று பார்த்தால் ஒரு தறிக்குழிதான்.

தோளில் மருந்து வைக்கும் நீல ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு அவர் போவதைப் பார்த்தாலே எனக்குக் கிண்டல் வரும். ஒரு நாள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு கையைத் தேய்த்தபடி வந்தார். கோழி, வாத்து, பன்றி என்று எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிற உடம்பு, அதனால் வருடா வருடம் தவறாமல் போட்டுக்கொள்வார்.

"போன வருசம் போட்டுக்கினது இன்னாச்சிண்ணா, கரைஞ்சி பூட்ச்சா?" என்று கேட்டேன்.

அவருக்கு ஏற்கெனவே நூறு பேருக்குச் சொன்ன அலுப்பு. இருந்தும் சொன்னார். அந்தக் கிருமி மாறிக்கொண்டே இருக்குமாம். போன வருடத்து ஊசியால் உடம்பு அடையாளம் தெரிந்துவைத்த கிருமி இந்த வருடம் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வருமாம். மருந்து செய்கிறவர்கள் அதைப் பெரும்பாலும் கோழி முட்டைக்குள்தான் வளர்க்கிறார்கள். சில சமயம் முட்டைக்குள் வளர்கிறபோதே அது முட்டைக்குத் தக்கபடி கொஞ்சம் மாறிவிடும், அந்த வருடம் ஊசிக்குப் பலம் குறையும் என்றார். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. இப்படிப்பட்ட ஒன்றோடு மல்லுக்கட்ட இவர் மாதிரி ஒரு சர்க்கரை நோயாளி, ஓர் ஐஸ் பெட்டி, கிக்கர் வேலை செய்யாத ஒரு ஸ்கூட்டர். நன்றாக இருக்கிறது ஏற்பாடு.

அந்த ஸ்கூட்டர் போன வருடம் தை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் முழுதாகப் படுத்துவிட்டது. அவர் என் வாசலில் வந்து நின்றார். தறியில் ஏற்றிய பாவு முடிய இன்னும் ஒரு சேலைதான் பாக்கி, கல்யாணச் சேலை வேறு. என் மனைவி முறைத்த முறைப்பில் நான் உட்கார்ந்தே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு தேவிகாபுரம் பக்கம் போனேன்.

பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சலில் கோழிகள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. நம் பக்கம் அறுவடை முடிந்த கழனிகளில் வாத்து மேய்ப்பவர்கள் இறங்கியிருந்தார்கள். அவர்கள் ஓரிடத்தில் நிற்கிறவர்கள் இல்லை. உதிர்ந்த நெல்லை வாத்துகள் இரண்டு மூன்று நாளில் பொறுக்கித் தீர்த்துவிடும், உடனே அடுத்த ஊர், அடுத்த ஏரி. நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். எல்லா மந்தையிலும் மாதிரி எடுங்கள், முடிவு வரும்வரை நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து தாள் வந்திருந்தது. யார் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்தத் தாளில் இல்லை.

காத்தாயி என்பவளின் மந்தை எழுநூறு வாத்து. நாற்பது வயது இருக்கும். புருஷன் போனபிறகு அவளும் நாத்தனாரும்தான் ஓட்டுகிறார்கள். அவள் ஒவ்வொரு வாத்தாக இறக்கையை மடக்கிப் பிடித்துக் கொடுக்க, பவுல்துரை தொண்டையில் ஒரு பஞ்சுக் குச்சி, பின்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துக் குப்பியில் போட்டார். இருபது வாத்து முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கேட்டாள்.

"எத்தினி நாளு நிக்கணும், டாக்டரே?"

"அஞ்சி நாளு. அஞ்சாம் நாளு நானே வந்து சொல்றேன்."

அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அந்தக் கழனியில் இரண்டு நாள் தீனிகூட இல்லை என்பது எனக்கே தெரிந்தது. நின்றால் பட்டினி, கிளம்பினால் யாரும் தடுக்கப்போவதில்லை. அவள் நின்றது அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

திரும்பும்போது, எதை நம்பி அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் போனதும் பழைய கதை ஒன்று சொன்னார். பல வருடத்துக்கு முன் மாநில எல்லையில் ஓர் ஊருக்கு அவரைப் பணிக்கு அனுப்பியிருந்தார்கள். மாதிரி எடுத்த வீட்டில் ஒருத்தி தன் கோழிகளுக்கு என்ன ஆகும் என்று பயந்துபோய்க் கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தார். நாலாம் நாள், கிருமி இருக்கிறது என்று தெரிந்து, அவளுடைய கோழிகளைக் கொன்று சாக்கில் போட்டவர்களில் இவரும் ஒருவர். அதிலிருந்து ஒன்றும் ஆகாது என்ற வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தாளில் இருக்கிற எண்ணைச் சொல்வது பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் முடிவு வரவில்லை. பொங்கல் விடுமுறையில் மாதிரி அனுப்பிய பெட்டி எங்கோ நின்றுவிட்டது என்றார்கள். போனில் சொல்லிவிடுங்கள் என்றது அலுவலகம். இவர் அதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறித் தேவிகாபுரம் போய், ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வெறுங்கையோடு போய் என்ன பிரயோசனம் என்று நான் சத்தம் போட்டேன். போனில் சொன்னால் ஓடிப்போன மாதிரி இருக்கும் என்றார்.

ஏழாம் நாள் ஆரணியில் ரைஸ் மில் ரைஸ் மில்லாக ஏறி இறங்கி வாத்துகளுக்குத் தீனியாக நொய்யும் தவிடும் கேட்டு வாங்கினார். ஒரு மில்லில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கிடைத்த இரண்டு மூட்டையை என் வண்டியில் கட்டினோம். கல்யாணச் சேலை தறியிலேயே கிடந்தது. பெண் வீட்டார் என்னைத் திட்டியதை எழுதினால் அச்சில் போடமாட்டார்கள்.

பத்தாம் நாள் மறுபடியும் மூட்டையோடு போனபோது வாத்துகள் எங்களைப் பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடிவந்தன. முட்டை நின்றுபோயிருந்தது. எழுபது எண்பது செத்திருந்தது, நோயில் அல்ல, பசியில். செத்தவற்றிலும் அவர் மாதிரி எடுத்துக்கொண்டார். கறி வியாபாரி வந்து கேட்டதற்கு, முடிவு வராமல் விற்கக் கூடாதாம் என்று காத்தாயி திருப்பி அனுப்பியிருந்தாள். கழனிக்குச் சொந்தக்காரர் ரங்கசாமி அடுத்த போகத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"நோவு இருந்தா இத்தினி நாளு உயிரோட இருக்குமா? நீயே சொல்லு" என்றாள் காத்தாயி.

"வாத்து அதுல லேசுல சாவாதும்மா. அதாம்மா பேஜாரே" என்றார் பவுல்துரை.

அப்புறம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். அந்தக் கிருமி வாத்தின் குடலில் சும்மா குடியிருக்கும். எச்சத்தோடு ஏரித் தண்ணீரில் இறங்கும். அங்கிருந்து கோழிக்குப் போனால் அதில் சில வகை இரண்டே நாளில் கூண்டைக் காலி செய்யும். பன்றிக்குப் போனால் அங்கே மனிதக் காய்ச்சலும் இருக்கலாம், இரண்டும் கலந்துபோகலாம். மனிதத் தொண்டையில் ஒட்டிக்கொள்ள அதற்கு லேசில் வராது, ஆனால் வாய்ப்புக் கிடைக்கக் கிடைக்க மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"கோழிக் கழிச்சலுக்கு ஊசி வெச்சிருக்கீங்க இல்ல. இத்துக்கும் போட்டுடறது?" என்றாள் காத்தாயி.

"எந்தச் சட்டை போட்டுகினு வர்து தெரிஞ்சாதானே ஊசி செய்வாங்க. அத்தத் தெரிஞ்சிக்கத்தான் குச்சி வுடறோம். நீ பூட்டன்னா, குச்சில கிருமி இருக்குதுன்னு வந்தா அந்த மந்தைய எங்க போயி தேடறது?"

அவள் மூட்டையை அவிழ்த்து நொய்யை இறைத்தாள். ரங்கசாமியிடம் பவுல்துரை கையெடுத்துக் கும்பிட்டு இரண்டு நாள் கேட்டார். ஓய்வு பெறப்போகிற வயதில் ஒரு மனிதர் அந்தச் சேற்றில் நின்று கும்பிட்டதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் முடிவு வந்தது. கிருமி இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். சொன்னதும் காத்தாயி சந்தோஷப்படவில்லை.

"இல்லன்னு சொல்லவா பன்னெண்டு நாளு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கோலை எடுத்து வாத்துகளைக் கிளப்பினாள். நூறுக்குமேல் குறைந்திருந்தது. அவர்கள் ஏரிக்கரையில் ஏறி மறைகிறவரை நின்றோம். திரும்புகிற வழியில் அவர், "அஞ்சின்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றார்.

வைகாசியில் ஓய்வு பெற்றார். ஒரு சால்வை போர்த்தினார்கள். காலையில் பெருமூச்சுச் சத்தம் நின்றதும் எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

இந்தத் தை மாதம் மறுபடியும் அதே தாள் வந்திருக்கிறது. அவர் இடத்துக்குத் தேசூரிலிருந்து மாற்றலாகி வந்த அன்பரசு ஒரு காலை அவர் வீட்டு வாசலில் நின்றார். ஐஸ் பெட்டியைப் பார்த்தாலே வாத்துக்காரர்கள் கிளம்பிவிடுகிறார்களாம். சந்தவாசல் ஏரியில் ஒருத்தி மட்டும் குச்சி விடச் சம்மதித்தாளாம், ஆனால் பவுல்துரை வந்தால்தான் நிற்பேன் என்கிறாளாம். முட்டிவலி, ஓய்வு பெற்றாயிற்று, இனிமேல் முடியாது என்று பவுல்துரை புலம்பினார். இப்போதுமா உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுச் செருப்பைத் தேடினார். நான் சாவியைத் தேடினேன். போகிற வழியில் ரைஸ் மில் முன்னால் நிறுத்தச் சொன்னார்.

அந்த ஒருத்தி காத்தாயிதான். அவளிடம் இப்போது முந்நூறு வாத்துக்குமேல் இல்லை. இத்தனைக்குப் பிறகும் இவரையே ஏன் கூப்பிட்டாய் என்று நான் கடுப்பாகத்தான் கேட்டேன்.

"ஒன்னும் வர்லன்னு சொல்றதுக்கே பஸ் ஏறி வந்தாரு. வேற யாரு வருவாங்க?" என்றாள்.

பிறகு அவரைப் பார்த்து, "எத்தினி நாளு, டாக்டரே?" என்றாள்.

அன்பரசு கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். பவுல்துரை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் வண்டியின் பின்னால் கட்டியிருந்த இரண்டு மூட்டையையும் பார்த்தாள். பிறகு, வாத்துகளை அடைக்கும் பட்டிக்கு வலையை இங்கேயே அடிக்கலாம் என்று நாத்தனாரிடம் சொன்னாள். நான் மூட்டைக் கயிற்றை அவிழ்த்தேன்.