வெட்டும் இடத்தில் புள்ளி

அன்று அந்த அறையில் இருந்தது ஆறு பேர். கமிட்டிக்காக வெளிக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பெரிய புரொஃபசர். அவரோடு வந்த ஒரு பேராசிரியை. ஆராய்ச்சிக்கு கைடாக இருந்த சார். அவரிடம் பிஎச்.டி. செய்த மேடம். டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றுவிட்ட அட்டெண்டர். அப்புறம் நான், ஒன்பதாவதோடு நின்றவன், லேப்டாப் பக்கத்தில்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், ஒரு வேலையும் இல்லை. அம்பத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தீசிஸ் டைப் அடித்து, படம் போட்டு, பைண்டிங் செய்து தருவேன். கமிட்டி நடந்த கல்லூரியின் கம்ப்யூட்டர் பாதியில் மக்கர் பண்ணிவிடுமோ என்று முந்தின நாள் முழுக்க பயந்துகொண்டிருந்தேன். யாரும் கூப்பிடாமலே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். தீசிஸ் ஃபைல் லேப்டாப்போடு மூன்று பென் டிரைவிலும் இருந்தது. பஸ்ஸில் நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மேடத்துக்குத் திருவேற்காடு பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலை. மே முடிவதற்குள் தீசிஸ் கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டு, இல்லாவிட்டால் நின்றுகொள் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கமிட்டி தலையாட்டினால்தான் கொடுக்க முடியும். நாங்கள் உட்கார்ந்திருந்தது ஏப்ரல் கடைசி.

என்ன ஆராய்ச்சி என்று எனக்குப் புரியவைத்ததே மேடம்தான். கடையில் கிடந்த பேப்பர் கட்டின் அட்டையைச் சதுரமாக வெட்டி, அடையாளத்துக்கு ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டு என் கையில் கொடுத்தார்கள். "கால் சுத்து திருப்புங்க. அப்புறம் குப்புறக் கவுத்துங்க. இப்ப பழையபடி வெச்சு, மொதல்ல கவுத்துட்டு அப்புறம் திருப்புங்க." இரண்டு தடவையும் அட்டை வேறு வேறு மாதிரி வந்து நின்றது. ஒரு சதுரத்தை இப்படித் திருப்பவும் கவிழ்க்கவும் மொத்தம் எட்டு வழியாம். அந்த எட்டும் சேர்ந்து ஒரு க்ரூப். எந்த இரண்டை முன்பின் மாற்றிச் செய்தால் வேறாக வருகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. அதுதான் கிராஃப்.

"அப்ப சண்டக்காரங்களுக்குத்தான் கோடா மேடம்?"

"ஆமாண்ணா. யாரோடயும் சண்ட போடாதது ரெண்டு இருக்கு. சும்மா இருக்கறது ஒண்ணு, அரைச் சுத்து ஒண்ணு. அத விட்டுடணும். மீதி ஆறு."

ஆறு புள்ளி. ஒவ்வொன்றிலிருந்தும் நாலு கோடு. இதை ஒரு கோடு இன்னொன்றை வெட்டாமல் வரைய முடியும் என்பது நாலாவது அத்தியாயத்தில் முக்கியமான சங்கதி. மேடம் நோட்டில் பென்சிலால் ஒரு முக்கோணத்துக்குள் இன்னொரு முக்கோணம் போட்டு, வெட்டாமல்தான் வரைந்திருந்தார்கள். நானும் அப்படியே போட்டேன்.

கைடு பார்த்துவிட்டு, "இது என்னப்பா கோணலா? எல்லாப் படமும் ஒரே மாதிரி வட்டமா வரணும்" என்றார். புள்ளிகளை வட்டத்தில் வைத்தால் கோடுகள் நட்சத்திரம் மாதிரி ஆறு இடத்தில் வெட்டிக்கொண்டன. அத்தியாயமோ வெட்டாது என்கிறது. மேடத்துக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

கடை வைப்பதற்கு முன்பு பாடியில் ஒரு பேனல் போர்டு பட்டறையில் பதினோரு வருஷம் வயரிங் டிராயிங் பார்த்தவன் நான். டிராயிங்கில் இரண்டு வயர் வெட்டிக்கொண்டு போனால் அவை தொடவில்லை என்று அர்த்தம். அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டால் ஜாயிண்ட். ஜாயிண்ட் என்றால் வெட்டு இல்லை. கை தானாக ஆறு புள்ளி வைத்தது. வைத்த பிறகு மனசு கேட்காமல் கைடுக்கே போன் செய்தேன்.

"சார், கோட்ட கோடு வெட்டிகினு போவுது. அந்த எடத்துல புள்ளி வெச்சிட்டேன் சார், ஜாயிண்ட்டு மாரி. சரியா சார்?"

"பாக்க நல்லாருக்கா? வச்சுக்கோப்பா. மீட்டிங்ல இருக்கேன்."

மறுநாள் புரூஃபை எடுத்துக்கொண்டு கைடு வீட்டுக்குப் போனேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். படப் பக்கத்திலும் போட்டார். கண் டிவியில் இருந்தது.

மேடம் ஆஸ்பத்திரி அலைச்சலில் புரூஃபைப் பார்க்காமலே கமிட்டிக்கு வந்தார்கள். அங்கே அந்தப் படம் திரையில் வந்ததும் பெரிய புரொஃபசர் கையைத் தூக்கினார்.

"எத்தன பேரு இருக்கணும்மா இதுல?"

"ஆறு சார்."

"எண்ணு."

மேடம் எண்ணினார்கள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. "பன்னெண்டு சார்."

"மீதி ஆறு பேரு யாரு? விருந்தாளியா?" நான் ஜாயிண்ட்டுக்கு வைத்த ஆறு புள்ளியைத்தான் கேட்டார்.

பேராசிரியை சிரித்தார். மேடம், "படம் போட்டதுல தப்பு சார், என் நோட்டுல சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பையைத் துழாவினார்கள். நோட்டு அதில் இல்லை, என் கடையில் இருந்தது. அதற்குள் பெரியவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ யாருப்பா?"

"டி.டி.பி. சார். டைப் அடிச்சி, படம் போடறவன்."

"ஓஹோ. படம் மட்டும்தான் நீயா, இல்ல மொத்தமும் உன் கடையிலதானா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. காசு வாங்கிக்கொண்டு தீசிஸே எழுதித் தரும் கடைகளும் உண்டு. நான் பயந்து போய் அங்கே உட்கார்ந்திருந்ததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. மேடம் பையைத் துழாவுவதை நிறுத்திவிட்டார்கள்.

கைடு தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னேன் சார், இந்த மாதிரி எடத்துல குடுக்காதேன்னு. படிக்காத ஆளு, என்ன தெரியும்? இந்தப் படத்த நானே இப்பதான் பாக்கறேன்."

அவர் கையெழுத்துப் போட்ட புரூஃப் என் காலடியில் பைக்குள் இருந்தது. எடுத்து மேஜையில் வைத்திருந்தால், தப்பு என்னுடையது, பார்க்காமல் விட்டது அவர், மேடம் எழுதியது சுத்தம் என்று விஷயம் முடிந்திருக்கும். ஒரு வாரத்தில் மாற்றிக் கொடு என்றிருப்பார்கள். பையின் ஜிப்பில் கை வைத்தேன். கைடு என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டேன்.

"மொத்தத்தையும் திருப்பிப் பாத்துட்டு அடுத்த கமிட்டிக்கு வாம்மா" என்றார் பெரியவர். அடுத்த கமிட்டி ஆகஸ்டில்.

வெளியே வரும்போது அட்டெண்டர், "இன்னா நைனா, ஆறு பேர பன்னெண்டு பேரா ஆக்கிட்டியே? ரேஷன் கார்டுக்கு உன்னாண்டதான் வரணும்" என்றான்.

மே கடைசியில் மேடத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது கள்ளிக்குப்பத்தில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு டியூஷன். ஜூனில் நோட்டை வாங்க வந்தபோது அந்தப் புரூஃப் பக்கங்களையும் கொடுத்தேன். கையெழுத்தைப் பார்த்தார்கள். கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அன்னிக்கு இது கையில இருந்துதாண்ணா?"

"இருந்திச்சி மேடம்."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

பயந்துட்டேன் என்றேன். அது பாதிதான். எதற்குப் பயந்தேன் என்பதைச் சொல்லவில்லை. கைடு தன் புஸ்தகம், நோட்ஸ் எல்லாவற்றையும் என் கடையில்தான் கடனுக்கு அடித்துக்கொண்டிருந்தார். அந்த மாசம் கொடுத்துவிடுகிறேன் என்றிருந்தார். அவர் முகத்தில் அடித்தால் அந்தப் பணம் வராது என்று, ஜிப்பில் கை வைத்திருந்த அந்த ஒரு நொடியில், ஒன்பதாவது ஃபெயிலான எனக்குக் கணக்கு கச்சிதமாக வந்தது.

இன்னும் வரவில்லை. பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.