ஒரு வார்த்தைக்கு ஏழு வாய்தா

படகு இன்ஜின் சாமான் விற்பவனுக்கு இரண்டு எதிரிகள்: உப்புத்தண்ணீர் ஒன்று, சரக்கை அனுப்பிவிட்டுப் போனை எடுக்காத கம்பெனி இன்னொன்று. ராமநாதபுரத்தில் கடை வைத்திருந்த எனக்கு மூன்றாவதாக இன்டர்நெட்டும் வந்து சேர்ந்தது. கடுப்பில் எதையாவது டைப் அடித்துவிட்டு அப்புறம் தூக்கம் கெட்டவர் நீங்களும் என்றால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

முறிந்த இறக்கை

வெண்கலம் என்று சொல்லிச் சென்னைக் கம்பெனி ஒன்று அனுப்பிய புரொபெல்லரைத் தங்கச்சிமடம் அந்தோணிக்கு விற்றேன். பத்தாவது நாள் நடுக்கடலில் அதன் இரண்டு இறக்கைகள் முறிந்துபோயின. அந்தோணியும் கூடப் போன இரண்டு பேரும் ஒன்றரை நாள் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். வேறொரு படகு பார்த்துக் கயிறு போட்டு இழுத்துவந்தது.

கரையேறிய அந்தோணி வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, நேராக என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. முறிந்ததை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க குடுத்ததுன்னுதான் யோசிக்காம மாட்டுனேன்."

பின்னால் நின்ற புலி

கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்க ஆளு பாறையில மோதியிருப்பான்" என்று வைத்துவிட்டார்கள். கொதிப்போடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எங்களைப் போன்ற வியாபாரிகள் பேசிக்கொள்ளும் இணையதளம் ஒன்று உண்டு. அதில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். 'இந்த முதலாளி ஒரு கொலைகாரன்' என்று கடைசியில் சேர்த்தேன். பெரிய வீரன் பாருங்கள், கீழே கடைப் பெயரையும் போட்டேன்.

மறுநாள் கம்பெனியைப் புகழ்ந்து பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். பதினொரு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. என் பக்கம் நின்றது 'கடல்புலி' என்ற பட்டப்பெயரில் எழுதும் நாகப்பட்டினத்து வியாபாரி மட்டும்தான். அவன் விற்றதிலும் இரண்டு முறிந்ததாம். போனிலேயே கூப்பிட்டுத் தைரியம் சொன்னான்: "விடாதீங்கண்ணே, உங்க பின்னால நான் இருக்கேன்."

வக்கீல் கேட்ட கேள்வி

மூன்றாம் வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் எழுதியதை ஒரு புள்ளி விடாமல் பிரிண்ட் எடுத்து இணைத்திருந்தார்கள். சாட்சி சொல்ல வரச் சொல்லிப் புலியைக் கூப்பிட்டேன். அந்தப் பெயரில் எழுதியது தான் இல்லை, தன் மச்சான்தான் என்றான். அவன் எழுதியது அதற்குள் தளத்திலிருந்தும் காணாமல் போயிருந்தது.

எங்கள் ஊர் வக்கீல் நாகலட்சுமி அம்மாவிடம் காகிதங்களைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இறக்கை முறிஞ்சது, மூணு பேரு கடல்ல தத்தளிச்சது, இதுக்கெல்லாம் சாட்சி இருக்கு. அதெல்லாம் உண்மை, நாலு பேருக்குத் தெரியணும்னு எழுதுனீகன்னு கோர்ட்டுல சொல்லிருவேன். ஆனா கொலைகாரன்னு எழுதிருக்கீகளே" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "யாரு செத்தா?"

கோர்ட் வராண்டா

சென்னையில் அவதூறு வழக்குப் போட்டார்கள். ஏழு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறினேன். முழுவதையும் அழித்துவிட்டு, 'சரக்கு தரமானது, மன்னிக்கவும்' என்று எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஆறாவது வாய்தாவில் எழுதிக்கொடுக்கப் பேனாவைத் திறந்தேவிட்டேன். நாகலட்சுமி அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

ஏழாவதுக்கு அந்தோணியும் கூட வந்தார். முறிந்த புரொபெல்லரைச் சாக்கிலிருந்து எடுத்து வராண்டா பெஞ்சில் வைத்தார். முறிந்த இடத்தில் உலோகம் ரஸ்க் மாதிரி பொடிப்பொடி ஓட்டையாக இருந்தது; பாறையில் மோதியதல்ல, வார்ப்பிலேயே கோளாறு. கம்பெனி வக்கீல் குனிந்து பார்த்தார். முதலாளியைத் தனியே கூட்டிப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்தவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்தால் வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்றார்.

கடலில் கிடந்தது அந்தோணி, அதனால் அவரிடம் கேட்டேன். அவர் புரொபெல்லரைச் சாக்கில் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அத எடுத்துருங்கண்ணே. மிச்சத்த எடுத்தீகன்னா நான் உங்க கடைக்கு வரமாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்தேன், வழக்கு முடிந்தது. அந்தத் தளத்தில் நான் இன்றும் குறை எழுதுகிறேன், ஆனால் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிப்போகிறது.