ராஜிக்கத்து

மட்டாஞ்சேரியில், எச்.ஐ.வி. மருந்து வாங்க வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் வராந்தாவில் ஒரு தகரப் பலகை இன்னும் தொங்குகிறது. மலையாளத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. தமிழ் வரி ‘இலவச சட்டை உதவி’ என்கிறது. சட்டத்தைச் சட்டையாக்கியது, நோயாளிகளுக்குச் சட்ட உதவி செய்ய வந்த எங்கள் திட்டம்தான். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சரிபார்க்கக் கொடுத்தது என்னிடம், எனக்கும் அப்போது தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவோம், அவ்வளவுதான். அந்தப் பலகையின் கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அதில் ஒன்றில் நான் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். மலையாளத்தில் வரும் காகிதங்களைத் தமிழ்க்காரர்களுக்குப் படித்துச் சொல்வது என் வேலை.

அந்தப் பலகையைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தது என் மதினி. என் அண்ணனின் மனைவி. மருந்து வாங்க வந்தவள், வரிசையில் நின்றபடி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, “ஏட்டி, எனக்கு ஒரு சட்டை குடேன், நாப்பது சைஸ்” என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் யார், நான் யார் என்று அங்கே யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் வேண்டாத தெய்வம் கிடையாது.

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது, அண்ணனை ஒரு வேலையும் செய்யவிடாமல் தானே செய்துவிட்டு அதை நான்கு பேரிடம் சொல்லிக்காட்டுகிற குணம். பிறகு அண்ணன் படுத்தான், இறந்தான். அவளுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. அதற்கப்புறம் எங்களுக்கு அவளைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் தேட வேண்டியதாக இருக்கவில்லை. அவள் சாப்பிடுகிற தட்டு, குடிக்கிற டம்ளர் இரண்டையும் நான் தனியாக ஜன்னலில் வைத்தேன். யாரும் மாற்றி எடுத்துவிடக்கூடாது என்று டம்ளரின் அடியில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். டம்ளரால் இந்த நோய் ஒட்டாது என்று பகலெல்லாம் மேசையில் உட்கார்ந்து பிறருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைச் செய்தேன். அண்ணனுக்கு இந்த நோய் கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு போர்ட் கொச்சியில் ஒரு அறைக்குப் போய்விட்டாள். ஒரு சின்ன ஓட்டலின் சமையலறையில் காய் நறுக்கும் வேலை. மதியச் சாப்பாடு அங்கேயே. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேயேதான் போடுவாள். இரண்டு வருடம் போட்டாள், ஒரு நாளும் தவறவிடவில்லை. கூட வேலை செய்த ஒருத்தி ஒருநாள் அந்த டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் நறுக்கிய காயை வேறொருத்தி எடுத்துப்போய்த் திரும்பக் கழுவினாள். மதினி சும்மா இருக்கிறவளா? சமையலறையே அதிரச் சண்டை போட்டிருக்கிறாள். சண்டை மேனேஜர் வரைக்கும் போனது.

எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மேனேஜருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் அவர் நிறுத்தவில்லை. மிக இனிமையாகப் பேசி, டைப் செய்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, “சேச்சி ராஜி வெச்சால் மதி. பின்னே ஒரு பிரஷ்னமும் இல்ல” என்றார். அக்கா ராஜி வைத்தால் போதும், பிறகு ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

மலையாளத்தில் ராஜி என்றால் வேலையை விட்டு விலகுவது. மந்திரிகள் ராஜி வைப்பார்கள், பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும். என் மதினியின் ஊரில் ராஜி என்றால் சமாதானம். வரப்புத் தகராறோ, குழாயடிச் சண்டையோ, பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து ராஜியாகப் போவார்கள், மறுநாள் பேசிக்கொள்வார்கள். சமையலறையில் சண்டை நடந்தது, மேனேஜர் கூப்பிட்டார், ராஜி என்றார். அவளுக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவள் பேசுகிற மலையாளம் மீன்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசக் கற்றது. மலையாள எழுத்து படிக்கத் தெரியாது. ஆனாலும் அவள் முட்டாளில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்று என்னிடம் வந்தாள்.

அன்று மருந்து நாள், கூட்டம். அவள் காகிதத்தை மேசையில் வைத்தாள். நான் கையால்கூட எடுக்கவில்லை, கண்ணால் ஓட்டினேன்.

“ராஜிக்கத்து,” என்றேன்.

“ராஜிக்குக் கடுதாசியா? அப்பம் கையெழுத்துப் போடலாம்லா?”

“உன் இஷ்டம்.”

அவள் முகம் மலர்ந்தது. “போட்டிருதேன். எத்தன நாளைக்குச் சண்ட போட?” என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலையை விடுவதில் இவளுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. ராஜிக்குத் தமிழில் வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் வேறொன்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்படி எழுதி வாங்குவது சட்டவிரோதம், கையெழுத்துப் போடாதே என்று சொல்வதற்காகத்தான் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வேறு யார் வந்திருந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன். அவள் போர்ட் கொச்சியை விட்டே போய்த் தொலைந்தால் நிம்மதி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். வாசலில் செக்யூரிட்டி மறித்தார். “சேச்சி ராஜி வெச்சதல்லே?” என்று கேட்டிருக்கிறார். “ஆமா, ராஜி ஆயிட்டோம், வழிய விடும்” என்றிருக்கிறாள் இவள். அவர் விடவில்லை. இவள் அதையே சொல்ல, அவரும் அதையே சொல்ல, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்களாம். வேறொரு தமிழ்க்காரர் வந்து விளக்கிய பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அங்கிருந்து நேராக வராந்தாவுக்கு நடந்து வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேசைக்கு எதிரே நின்று, “தெரிஞ்சுதான சொன்ன?” என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் மேசைக்கு வாரம் ஒருமுறை வருகிற வக்கீல் சேச்சி வழக்கை எடுத்துக்கொண்டார். மலையாளி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், சாயா ஆறிப்போனால்தான் குடிப்பார். ராஜி கதையைக் கேட்டதும் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். விசாரணைக்கு நாள் வருவதற்குள் எங்கள் மேசை போய்விட்டது.

அது போன விதத்தையும் சொல்ல வேண்டும். பெரிய ஓட்டல் ஒன்றின் குளிர்ந்த அறையில் எங்களைக் கூட்டி உட்காரவைத்து, டையடித்த தலையோடு ஒருவர் படம் போட்டு விளக்கினார். வெளியிலிருந்து வரும் நிதி குறைகிறது, இனி சேவைகள் நீடித்து நிலைக்க வேண்டுமானால் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார். யாருடைய காலில் என்று வக்கீல் சேச்சி எழுந்து கேட்டார். மருந்து வாங்கப் பஸ் காசு கடன் வாங்கி வருகிறவர்களின் காலிலா? நல்ல கேள்வி என்று அவர் பாராட்டினார். மதியம் கரிமீன் பொரித்தது வைத்தார்கள். அடுத்த மாதம் மேசையையும் நாற்காலியையும் எடுத்துப் போனார்கள். பலகை ஆணி துருப்பிடித்திருந்ததால் கழற்ற வரவில்லை, விட்டுவிட்டார்கள். முடியாத வழக்குகளின் கோப்புகளை மூட்டையாகக் கட்டச் சொன்னார்கள். மதினியின் கோப்பை மட்டும் வக்கீல் சேச்சி தன் பைக்குள் போட்டுக்கொண்டு, “இது ஞான் நோக்கிக்கோளாம்” என்றார்.

விசாரணை எறணாகுளத்தில், ஒரு அலுவலகத்தின் மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. ஓட்டலின் வக்கீலுக்கு நல்ல குரல். அவர் மதினியை ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வைத்தார். இந்தக் காகிதத்தை இவருக்குப் படித்துச் சொன்னது யார்? சொந்த நாத்தனார். சட்ட உதவி மேசையில் சம்பளம் வாங்கியவர். மலையாளம் அட்சரசுத்தமாகத் தெரிந்தவர். சொந்த அண்ணன் மனைவிக்கு அர்த்தம் சொல்லாமலா விட்டிருப்பார்? ஆக, இவர் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. விசாரித்த அதிகாரி, சாட்சி சொல்ல வந்திருந்த என்னைப் பார்த்தார்.

ராஜிக்கு இரண்டு அர்த்தம் என்று நான் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் வரும்போது படகில் நினைத்திருந்தேன். போதாது என்று அந்த அறையில் தெரிந்தது. நான் அர்த்தம் சொல்லவில்லை என்பதை அவர் நம்ப வேண்டும். அதை நம்ப வேண்டுமானால், நான் எப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மதினி என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அந்த வேலை போனதிலிருந்து ஒருவேளைச் சாப்பாடுதான் என்று வக்கீல் சேச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“எனக்கு இவளைப் பிடிக்காது சார்,” என்றேன் மலையாளத்தில். பிறகு நிறுத்த முடியவில்லை. அண்ணனிடமிருந்துதான் இவளுக்கு வந்தது என்று சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரியும் என்றேன். தட்டைச் சொன்னேன், டம்ளரின் அடியில் வைத்த சிவப்புப் பொட்டைச் சொன்னேன். வேலை போனால் ஊருக்குப் போய்விடுவாள், நாங்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்து, கையெழுத்துப் போடாதே என்று சொல்ல வேண்டியவள் சொல்லாமல் இருந்தேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். ஓட்டல் வக்கீல் என்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து ஏதாவது சொல்வாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. மதினி என்னைத் தாண்டி வக்கீல் சேச்சியிடம் போனாள்.

“இவ சொன்னத பூரா எழுதிக்கிட்டாங்களா?”

“எழுதி,” என்று வக்கீல் சேச்சி தலையாட்டினார்.

“எனக்கு அதுல ஒரு காப்பி வேணும்.”

உத்தரவு அவளுக்குச் சாதகமாக வந்தது. அந்த விலகல் செல்லாது, அதே வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ஒரு தொகை தருகிறோம், இந்த முறை நிஜமாகவே சமாதானமாகப் போய்விடலாம் என்றாராம். “உங்க பாஷையில ஒருக்க ராஜி ஆயாச்சு, போதும்” என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இன்றும் இரண்டு பேர் அவளோடு சாப்பிடுவதில்லை. வராந்தாவில் இப்போது அந்த மாதிரிக் காகிதத்தோடு வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. வக்கீல் சேச்சி யாரையாவது அனுப்பினால் நான் வீட்டில் வைத்துப் படித்துச் சொல்கிறேன். தமிழ் எழுதவும் இப்போதுதான் உட்கார்ந்து கற்றேன். இதை எழுதட்டுமா என்று மதினியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். பேரை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதச் சொல்லு என்று பதில் வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். அண்ணன் செத்த பிறகு இந்த வீட்டை விட்டுப் போனவள், அன்றுதான் மறுபடி வாசல்படி ஏறினாள். அம்மா கட்டிலில் இருந்தாள். மதினி யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலு தாளை எடுத்து என் மடியில் போட்டாள். அரசு முத்திரையோடு நான் சொன்ன வாக்குமூலம்.

“மலையாளத்துல இருக்கு. நீயே உங்கம்மைக்கு வாசிச்சுக் காட்டு. ஒரு வார்த்த விடாம, அர்த்தத்தோட.”

வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் மலையாளத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். மதினி நின்றுகொண்டே கேட்டாள். தன் மகன் மஞ்சள்காமாலையில் போனான் என்று தெரு முழுக்கச் சொல்லி, சொல்லிச் சொல்லி அதைத் தானே நம்பத் தொடங்கியிருந்த அம்மா, குறுக்கே பேசாமல் கடைசி வரி வரைக்கும் கேட்டாள். முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினாள். அவளுக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“மஞ்சக்காமாலைன்னு எங்கயாவது ஒரு இடத்துல போட்டிருக்கா மோளே?”

மதினி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.

“இல்லம்மா,” என்றேன்.

மதினி அம்மாவின் கையிலிருந்து தாள்களை வாங்கி, உறைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.